ஒட்டில்லாத கல்

சிங்கப்பூர்
20.4.1994

அம்சம்,

இதை அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டு. தளம் போட்டு முடிந்தது என்று நீ எழுதியது சேர்ந்தது. இனி அடுப்படி. அது நான் சொல்கிறபடிதான் அமைய வேண்டும். ஐந்து வருடமாக இங்கே மாடி மாடியாக ஏறி அடுத்தவர் அடுப்படிக்குக் கல் பதிக்கிறேன். என் வீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று அத்தனை நாளும் நினைத்துக்கொண்டுதான் பதித்திருக்கிறேன்.

தாராசுரம் ரோட்டில் ஒரு கிரானைட் கடை இருக்கிறது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ. சிவப்பைக் காட்டுவார்கள், பச்சையைக் காட்டுவார்கள், மயங்காதே. கறுப்புத்தான் வேண்டும். கறுப்பிலும் சாயம் ஏற்றிய கல் உண்டு. கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுபோய் ஓரத்தில் பிழிந்து, கொஞ்ச நேரம் விட்டுத் துடைத்துப் பார். வெளுத்தால் வேண்டாம். சாவியால் தட்டினால் வெண்கலம் மாதிரிக் கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். நிழலில் பார்த்து வாங்காதே, வெயிலில் நிறுத்தச் சொல்லிப் பார்.

நீளம் பன்னிரண்டு அடி, அகலம் இரண்டடி. ஒரே கல். ஒட்டே இருக்கக் கூடாது. மேடையின் உயரம் முப்பத்திரண்டு அங்குலம். ஆவணியில் என் கல்யாணத்துக்குப் பேராவூரணியிலிருந்து பெண் வீட்டார் வருவார்கள். ஆனந்தவல்லியின் அப்பா முதலில் அடுப்படிக்குள்தான் தலையை நீட்டுவார் என்று தரகர் சொல்லியிருக்கிறார்.

கல்லைக் கடை லாரியே கொண்டுவரும். இராஜாங்கத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அவர் வயல் வழியாக வாசலுக்கே வந்துவிடும். போன் செய்யாதே. ரோட்டில் இருக்கிற பூத் அவர் மச்சானுடையது. நாம் இங்கே பேசி முடிக்கும் முன்பே அங்கே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஐயாவு


கீழமருதங்குடி, தெற்குத் தெரு
4.5.1994

அண்ணனுக்கு அம்சம் எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம்.

கடைக்குப் போய்வந்தோம். உள்ளே நுழைந்ததும் கணக்கு எழுதுகிறவர் தலையை நிமிர்த்தாமலே, “இப்ப வேலைக்கு ஆள் எடுக்கலைம்மா” என்றார். அம்மாதான், “வேலைக்கு வரலைங்க, கல்லு வாங்க வந்தோம்” என்றாள். அதற்குப் பிறகும் எங்களை வெகுநேரம் நிற்க வைத்துவிட்டார்கள். கல் பதிக்கிற ஹாஜா மைதீன் பாய்தான் கூட்டிப்போய்க் காட்டினார். நான் எலுமிச்சம்பழத்தை எடுத்ததும், “என்ன தங்கச்சி, கல்லுக்குத் திருஷ்டி கழிக்கவா வந்தே?” என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்படியே ஓடிவந்துவிடலாம் போல இருந்தது. ஆனாலும் பிழிந்தேன். முதல் கல் வெளுத்தது. பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே இருந்து வேறு கல்லைக் காட்டினார். அது வெளுக்கவில்லை. தட்டிப் பார்த்தோம். நீங்கள் சொன்ன சத்தம்தான். வெயிலில் நிறுத்தியபோது அம்மாவின் முகம் அதில் தெரிந்தது. “இதுலயா கொழம்புச் சட்டிய எறக்கி வைக்கிறது?” என்று அம்மா கேட்டாள்.

வேறொரு கல்லும் அங்கே இருந்தது. சாம்பல் நிறத்தில், அரிசியில் கறுப்பு உளுந்து கலந்த மாதிரி. எனக்கு அதுதான் பிடித்தது. இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கறுப்பையே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டோம்.

இப்போது எழுதப்போவதைக் கோபப்படாமல் படியுங்கள். இராஜாங்கத்திடம் நாம் கேட்க முடியாது. நீங்கள் போன மறு வருடம் அவர் வண்டிப்பாதையை உழுது வயலோடு சேர்த்துக்கொண்டார். அதற்குத் தெருவே சேர்ந்து பாபநாசத்தில் வழக்குப் போட்டிருக்கிறது. விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் சார்பில் சாமிதுரை மாமாதான் அலைகிறார். “அங்கே பாதையே கிடையாது. அது என் வயல். என்னைக் கேட்டுக்கொண்டுதான் போனார்கள், பாவம் என்று விட்டேன்” என்பது இராஜாங்கத்தின் கட்சி. இனி ஒருவர் போய்க் கேட்டாலும் அவர் சொல்வதுதான் நிஜமாகும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் யாரும் கேட்பதில்லை என்று தை மாதம் தெருவில் கூடி முடிவு செய்தார்கள். அம்மாவும் கை தூக்கினாள்.

நம் வீட்டுச் செங்கல், மணல், சிமெண்டு எல்லாமே ரோட்டிலிருந்து வாய்க்கால் கரை வழியாகத் தெருப் பெண்களின் தலையில்தான் வந்தது. பன்னிரண்டு அடிக் கல் அப்படி வராது என்கிறார் பாய். கரை ஒரு ஆள் நடக்கிற அகலம்தான். மதகு பக்கத்தில் தென்னை மரத்தைப் போட்டுத்தான் தாண்டுகிறோம். நான்கு துண்டாக வாங்கினால் தலையில் வந்துவிடும், ஒட்டு மயிரிழை போலத்தான் தெரியும் என்கிறார். வாங்கட்டுமா?

அம்சம்


சிங்கப்பூர்
16.5.1994

அம்சம்,

வேண்டாம்.

ஒட்டு என்றால் என்னவென்று உனக்கும் தெரியாது, உன் பாய்க்கும் தெரியாது. மயிரிழையாகத்தான் ஆரம்பிக்கும். அதில் எண்ணெய் இறங்கும், தண்ணீர் இறங்கும், ஒரு வருடத்தில் கறுத்த கோடாகும், பிறகு கரப்பான் குடியிருக்கும். இங்கே ஒரு வீட்டில் ஒட்டு ஒரு நூல் அளவு விலகியதற்கு என்னைப் பிடுங்கிப் பதிக்கச் சொன்னார்கள். அன்று முழங்காலில் நின்று பிடுங்கும்போது, என் வீட்டில் ஒட்டே வைக்க மாட்டேன் என்று நினைத்தேன். அதை நீ நான்கு துண்டு போடப் பார்க்கிறாய்.

வழக்கு நடக்கட்டும், நான் தடுக்கவில்லை. அது முடிய எத்தனை வருடமாகுமோ. அதுவரை என் வீடு அடுப்படி இல்லாமல் நிற்குமா? சாமிதுரை மாமா கட்டுகிற வீட்டுக்கா கல் வாங்குகிறோம்?

நீ கல்லை முடித்துவிடு. அறுத்து மெருகேற்றி அனுப்ப ஜூலை ஆகும் என்று கடைக்காரர் போனில் சொன்னார். லாரி எப்படி வருவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். நீயோ அம்மாவோ யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம், போதுமா?

ஐயாவு


கீழமருதங்குடி
6.6.1994

அண்ணா,

நீங்கள் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதியதற்கு இதுதான் அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை ரேஷன் கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். இராஜாங்கம் கரை வேட்டியும் தோளில் துண்டுமாக வந்தார். வழக்கமாக அவர் அந்தப் பக்கமே வரமாட்டார். சட்டைப் பையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்தார். வெளிநாட்டு உறையை எல்லோரும் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, “ராசம்மா, ஒம் மவன் எழுதியிருக்கான். படிக்கட்டுமா?” என்று கேட்டார். அவர் படித்தார். “தங்கள் வயல் வழியாக லாரி வரத் தயவுசெய்து அனுமதி தர வேண்டுகிறேன், எங்கள் அப்பா காலத்திலும் தங்களைக் கேட்டுத்தான் நடந்துகொண்டோம்” என்ற இடத்தை இரண்டு முறை படித்தார். பிறகு, “இத்தனை வருசத்துல ஒங்க தெருவுல இவன் ஒருத்தனுக்குத்தான் மரியாத தெரிஞ்சிருக்கு. லாரிய ஓட்டிட்டு வரச் சொல்லு” என்றார்.

கடிதத்தை வக்கீலிடம் கொடுக்கப்போகிறாராம்.

அன்று சாயங்காலம் சாமிதுரை மாமா வந்தார். அம்மா பாயை விரித்தாள். அவர் உட்காரவில்லை. “ஏக்கா, ஒன் மவன் அவன் ஒருத்தனுக்காகவா கேட்டான்? அப்பா காலத்துலயும்னு எழுதி, நம்ம எல்லாரையும் சேத்துல்ல கேக்க வச்சிட்டான்” என்றார். சத்தம் போடவே இல்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் பம்புசெட்டு வயலில் நாற்றுப் பறிக்கப் போனோம். வரிசையில் எங்களுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டுப் பறித்தார்கள். செவ்வந்தி அக்காவை உங்களுக்குத் தெரியும், வாய் ஓயாது. அதுகூடப் பேசவில்லை. நம் வீட்டுக்கு அதிகமாகச் செங்கல் சுமந்தது அதுதான். அம்மா வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு, சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

அண்ணா, சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். தெருவின் முடிவு தெரியாமல் எழுதிவிட்டேன், அந்த அனுமதி எனக்கு வேண்டாம் என்று இரண்டு வரி போதும். லாரி வருவதற்குள் வந்து சேர்ந்துவிடும்.

அம்சம்


சிங்கப்பூர்
17.6.1994

அம்சம்,

நான் எவன் காலிலும் விழவில்லை. ஒரு கடிதம் எழுதினேன், மரியாதையாக எழுதினேன். அதற்கு இத்தனை ஒப்பாரியா?

இங்கே நான் எதற்கெல்லாம் கேட்கிறேன் என்று உனக்குத் தெரியுமா? தண்ணீர் குடிக்கப் போகக் கேட்க வேண்டும். லிப்டில் ஏறக் கேட்க வேண்டும், ஏறாதே என்றால் கல்லோடு படியேற வேண்டும். என்னைவிடச் சின்னப் பையனை ‘சார்’ என்று கூப்பிட்டுக் கேட்கிறேன். கேட்டுக் கேட்டுத்தான் அந்த வீடு எழும்பியது. இராஜாங்கத்திடம் ஒரு தடவை கேட்டதில் எனக்கு என்ன குறைந்துவிட்டது? தெருவுக்குத்தான் என்ன குறைந்துவிட்டது?

தெரியாமல் எழுதினேன் என்று எழுதச் சொல்கிறாய். தெரிந்துதான் எழுதினேன். நீதான் எல்லாவற்றையும் விளக்கி எழுதியிருந்தாயே.

சங்கத்துக்கு எதுவும் எழுத மாட்டேன். ஜூலை இரண்டாம் தேதி கல் வருகிறது. லாரி வயல் வழியாகத்தான் வர வேண்டும். முழுக் கல்லாக வீட்டுக்குள் போக வேண்டும். அது நடக்கவில்லை என்றால் எனக்குக் கடிதம் எழுதாதே. ஆவணியில் நான் வருவதா, கல்யாணத்தைப் பேராவூரணியிலேயே முடித்துக்கொள்வதா என்று நான் யோசித்துக்கொள்கிறேன். அம்மாவிடம் இதையும் படித்துக் காட்டு.

ஐயாவு


கீழமருதங்குடி
3.7.1994

அண்ணா,

எழுதாதே என்று சொன்னீர்கள். என்ன நடந்தது என்பதை மற்றவர்கள் உங்களுக்கு எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிட வேண்டும். படிக்காமல் கிழித்தாலும் சரி.

உங்கள் கடிதம் வந்தது. முழுவதையும் அம்மாவுக்குப் படித்தேன். கடைசிப் பகுதியை விட்டுவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடித்ததும், “வரட்டும், வராமப் போவட்டும். கல்லு வர்ற அன்னிக்கி நீதான் ரோட்டுக்குப் போவணும். நான் போனா இராஜாங்கத்தப் பாத்தவொடன தலைய குனிஞ்சிடுவேன். அம்பது வருசப் பழக்கம்” என்றாள்.

நேற்றுக் காலையில் லாரி வந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்து நான்கு நாளாகிறது. சுற்றி எல்லோர் வயலிலும் சேறடித்துவிட்டார்கள். இராஜாங்கம் மட்டும் மடையைத் திறக்காமல் வயலைக் காயவைத்திருந்தார். ரோட்டோர வரப்பை வெட்டி, லாரி இறங்க வைக்கோல் பரப்பியிருந்தார். குடையோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் பாபநாசம் ஸ்டுடியோக்காரர் கேமராவுடன் நின்றார். லாரி வயலில் போவதைப் படம் எடுத்துக் கோர்ட்டில் கொடுக்க என்று பார்த்தவுடனே புரிந்தது.

அம்மாவும் கூடத்தான் வந்தாள், லாரிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். டிரைவர், “எந்தப் பக்கம்மா?” என்று கேட்டார். நான், “வண்டி வயல்ல எறங்க வேண்டாம்” என்றேன். அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். ஹாஜா மைதீன் பாய் இறங்கி வந்து, “தங்கச்சி, எறங்காம எப்படிப் போறது? கரை மேல இத நாலு பேரு தூக்க எடம் ஏது? மதகுகிட்ட ஒடிஞ்சிடும்” என்றார்.

“வெட்டிடுங்க பாய்.”

“ஒங்க அண்ணன் என்கிட்டயே போன்ல சொன்னாரும்மா. ஒட்டு இருந்தா ஊருக்கு வந்து என் கைய ஒடிப்பேன்னாரு. வெட்டிட்டா திரும்ப ஒட்ட வைக்க எந்தக் கொம்பனாலயும் ஆகாது. யோசிச்சிக்க.”

நான் யோசிக்கவில்லை அண்ணா. ரேஷன் கடையில் அவர் படித்த நாளிலிருந்தே அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். “நாலா வெட்டிடுங்க” என்றேன்.

வெட்டும் மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். டீக்கடையில் கேட்டோம். இராஜாங்கத்தின் மச்சான் கடைதானே, பிளக் ரிப்பேர் என்றுவிட்டார். அப்போது அந்தக் கடையின் பூத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கடைசியில் சைக்கிள் கடைக் குழந்தைராஜ் அண்ணன் எதுவும் கேட்காமல் ஒயரை நீட்டிவிட்டார். கல்லை லாரியிலிருந்து இறக்கி ரோட்டோரம் மணல் மூட்டை மேல் படுக்கவைத்தார்கள். பாய் கோடு போட்டார். நான் சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். மெஷின் போட்ட சத்தத்தில் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கறுப்புச் சாந்து மாதிரி ரோட்டில் ஓடியது. முதல் துண்டு பிரிந்து விழுந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது.

இராஜாங்கம் குடையை மடக்கிக்கொண்டு வந்தார். என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் பேசினார். “என்ன ராசம்மா, ஒம் மவன் கேட்டான், நான் குடுத்தேன். வயலக் காயப்போட்டு வச்சிருக்கேன். இப்ப எதுக்கு இந்தக் கூத்து?”

அம்மா தலை குனிந்தாள். சொன்னபடியே குனிந்துவிட்டாள். அதைப் பார்த்தபிறகுதான் எனக்குப் பேச வந்தது. “அண்ணன் கேட்டது அவரோட போச்சுங்க. எங்களுக்கு வேண்டாம். நாங்க கரையிலயே போயிக்கிறோம்” என்றேன். சொம்புத் தண்ணீர் பாதி என் பாவாடையில்தான் கொட்டியது.

“ஒங்கப்பன் இப்படிப் பேச மாட்டான்” என்றார்.

நான் திரும்பி மீதித் தண்ணீரைக் கல் மேல் ஊற்றினேன்.

கல் நான்கு துண்டாகிவிட்டது. ஆட்கள் நாங்கள் இரண்டு பேர். தெருவில் யாரையும் கூப்பிடவில்லை, எந்த முகத்தோடு கூப்பிடுவது? அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சும்மாடு வைத்துக்கொண்டாள். பாய் தூக்கிவைத்தார். அம்மாவின் கழுத்து நரம்பு தெரிந்தது. நான் அடுத்ததைத் தலையில் வாங்கிக்கொண்டேன். கரை ஓரத்து வயலில் நடவு நடந்துகொண்டிருந்தது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாங்கள் தென்னை மரத்தைத் தாண்டும்வரை அப்படியே நின்றார்கள். மரத்தின் மேல் கால் வைத்ததும் எனக்குத் தலை சுற்றியது. கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு போனது. அம்மா திரும்பாமலே, “தண்ணியப் பாக்காத, என் முதுவப் பாரு” என்றாள்.

இறக்கி வைத்துவிட்டு மற்ற இரண்டுக்கும் திரும்பி வந்தோம். அம்மாவால் இன்னொரு நடை முடியாது என்று அவள் நடையிலேயே தெரிந்தது. ரோட்டில் செவ்வந்தி அக்கா முழங்கால் வரை சேற்றோடு நின்றுகொண்டிருந்தது. கூடக் காத்தாயி அத்தை. அக்கா பாயிடம், “தூக்கி வைங்க பாய், வேடிக்க பாக்கவா வந்தேன்?” என்றது. என் பக்கம் திரும்பி, “அடியே, ஒங்கண்ணன் மேல எனக்கு இருக்கற கோவம் இருக்கறதுதான். வரட்டும், வச்சிக்கிறேன். கல்லு மேல எனக்கென்ன கோவம்?” என்றது. மரத்தின் மேல் நடக்கும்போது, “எம்மாடி, ஒங்கண்ணன் மண்டையும் இந்தக் கனந்தான் இருக்கும்” என்று கத்தியது. வயலில் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு மாதம் கழித்து நேற்றுத்தான் எங்களோடு சிரித்தார்கள்.

ஸ்டுடியோக்காரர் எங்களைப் படம் எடுக்கவில்லை. சாமிதுரை மாமா பிறகு வந்து அதற்குத்தான் வருத்தப்பட்டார். வயல் வழி திறந்திருந்தும் அதில் போகவில்லை என்பதற்கு ரோட்டில் பார்த்தவர்கள் சாட்சி சொல்வார்கள் என்றார். ஆனாலும் உங்கள் கடிதம் கோர்ட்டில்தான் இருக்கிறது. அதை நான்கு துண்டுக் கல் அழித்துவிடாது என்றும் சொன்னார். இந்தத் தடவை பாயில் உட்கார்ந்துதான் சொன்னார்.

இன்று பாய் கல்லைப் பதித்தார். ஒட்டு மூன்று இடத்தில் வருகிறது. மறைத்து எழுத மாட்டேன், கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு துண்டில் மூலை உடைந்துவிட்டது, அதைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டார். மேடையின் உயரத்தையும் இரண்டு அங்குலம் குறைக்கச் சொன்னேன். முப்பத்திரண்டு வைத்தால் அம்மாவுக்குப் பானைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. நீங்கள் கோபப்படுவது என்றால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரேயடியாகக் கோபப்பட்டுவிடுங்கள்.

அம்சம்


சிங்கப்பூர்
19.7.1994

அம்சம்,

உன் கடிதம் வந்து ஒரு வாரம் ஆகிறது. முதலில் நான் படிக்கவில்லை, பெட்டிக்கு அடியில் போட்டிருந்தேன்.

ஒட்டு எந்தெந்த இடத்தில் வருகிறது என்று நீ எழுதவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் வந்திருந்தால் தண்ணீர் இறங்கும். பாய் வெள்ளைச் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தால் சுரண்டி எடுக்கச் சொல். இங்கே கல்லுக்கென்று கறுப்புப் பசை கிடைக்கிறது, வரும்போது கொண்டுவருகிறேன். நானே அடைக்கிறேன். அதுவரை ஒட்டு மேல் ஈரத் துணி போடாதீர்கள். முப்பது அங்குலம் ஆனந்தவல்லிக்கும் போதும் என்று நினைக்கிறேன், போட்டோவில் அவளும் குட்டைதான்.

இத்துடன் சாமிதுரை மாமாவுக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. நீயும் அம்மாவும் படித்துவிட்டுக் கொடுங்கள். இராஜாங்கத்துக்கு எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி, இங்கே ஒரு வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது கோர்ட்டில் செல்லுமா என்று எனக்குத் தெரியாது. செல்லாவிட்டாலும் தெருவில் படிக்கச் சொல். செவ்வந்தி இருக்கும்போது படிக்கச் சொல்.

ஆவணி ஏழாம் தேதி வருகிறேன். கையில் இரண்டு பெட்டி இருக்கும். பஸ் ரோட்டில் இறக்கிவிடும். பெண் வீட்டாரும் அதற்கு மறுநாள் பதினைந்து பேர் வருவார்கள், அதில் வயதானவர்கள் இருக்கிறார்கள், தென்னை மரத்தில் நடந்து பழகாதவர்கள். நாங்கள் எந்த வழியாக வர வேண்டும் என்று தெருவில் கேட்டு எழுது. அவர்கள் சொல்கிற வழியில் வருகிறோம்.

ஐயாவு